வண்டிச் சாவி என் கழுத்தில் இருந்த நாட்கள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. சில நாட்கள்தான் அதில் இருந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அப்படி ஓர் அதிகாரம் என் கைக்கு வந்ததில்லை. வராமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

பதவி என்னவென்றால், அத்தையின் ஸ்கூட்டர் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதை அத்தையிடம் கொடுக்காமல் இருப்பது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றித்தான் நடப்பாள். ஆனால் அந்தக் கட்டைகளோடு அவள் வீட்டுக்குள் போகிற வேகத்துக்கு அம்மாவால்கூட ஈடுகொடுக்க முடியாது. வாய் அதைவிட வேகம். எங்கள் தெருவில் அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது.

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் நடந்த முகாம் ஒன்றில் அவளுக்கு அந்த ஸ்கூட்டரைக் கொடுத்தார்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் வைத்தது. வண்டி வந்த மூன்றாம் மாதமே அத்தை டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை தேடிக்கொண்டாள். எந்த டவுன் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அந்தக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். கடையில் உட்கார்ந்து அத்தை மனு எழுதுவாள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ், ஆட்டைக் காணோம், மருமகனைக் காணோம், எதுவானாலும் அனுப்புநர் பெறுநர் போட்டு அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துவிடுவாள். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் கையால் எழுதுவாள். அவள் எழுதினால் மனு திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைய மனுக்களை எனக்குக் கதையாகச் சொல்வாள். எனக்கு அத்தையைவிடப் பிடித்த ஆள் அப்போது உலகத்தில் இல்லை.

அந்த வருஷம் பெரிய லீவு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் அத்தை முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வந்தாள். ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டைகளைச் செருகி வைக்கிற வளையத்தில் ஒரு கட்டைதான் இருந்தது. கண்மாய்க்கரை வளைவில் இரண்டு பேர் பைக்கில் பக்கத்திலேயே வந்திருக்கிறார்கள். பின்னால் இருந்தவன் கட்டையை உருவியிருக்கிறான். அத்தை பதறி பிரேக் போட்டதில் வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சாய்ந்துவிட்டது. அவர்கள் கட்டையை ரோட்டில் போட்டு, அதன்மேல் பைக்கை ஏற்றி இறக்கி, அது இரண்டாக ஒடிகிறவரை சிரித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆளும் தெரியாதவர்கள் இல்லை. ஒருவன் எங்கள் ஊர் ரைஸ்மில்காரர் மகன். இன்னொருவன் அவனோடு காலேஜில் படிக்கிறவன்.

அத்தை அழவில்லை. "போலீசுல மனுக் குடுக்கணும்ணே" என்றாள்.

அப்பா புதுக்கோட்டையில் ஓர் அரசு ஆபீசில் கிளார்க். எதையும் யோசித்து, கோப்பு போட்டுச் செய்கிறவர். அன்று மட்டும் யோசிக்கவே இல்லை. நேராகப் போய் ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பூட்டி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே நீ எங்கயும் போக வேணாம். ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்யிறது?" என்றார். அப்பா அத்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பயந்துவிட்டார், அவ்வளவுதான். அந்த வீட்டில் அன்று அத்தையைத் தவிர எல்லோரும் பயந்திருந்தோம்.

இரண்டு நாள் சாவி அப்பாவோடு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் வந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வழியில் ஸ்கூட்டர், ஹேண்டில் பூட்டிக் கிடக்கிறது. நான்கு ஆள் சேர்ந்து தூக்கி நகர்த்தினார்கள். அதனால் சாவி வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவானது. அம்மாவிடம் கொடுக்க முடியாது. அத்தை இரண்டு வார்த்தை பேசினால் அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள். எனவே அப்பா என்னைக் கூப்பிட்டு, ஆபீசில் ஒருவர் மாறுதலாகிப் போகும்போது அடுத்தவரிடம் சார்ஜ் ஒப்படைப்பது போல ஒப்படைத்தார். யார் கேட்டாலும் தராதே, அத்தை கேட்டாலும் தராதே, அத்தையின் நல்லதுக்குத்தான் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குளிக்கும்போதுகூட நான் அந்தக் கயிற்றைக் கழற்றவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அத்தை வீட்டிலேயே இருந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. லீவில் விளையாட ஆள் கிடைத்துவிட்டது. நாள் முழுக்கத் தாயம் ஆடினோம். ஆட்டத்துக்கு நடுவே அத்தை சாதாரணமாகக் கேட்பாள். "ஏத்தா, சாவியக் குடு." நான் தலையாட்டி மறுப்பேன். அவள் காயை நகர்த்துவாள். இதையும் நான் ஓர் ஆட்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரைஸ்மில்காரர் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் இப்படித்தான், தப்பு நடந்தால் தட்டோடு வருவார்கள். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள். அதோடு பேப்பர் சுற்றிய நீளமான ஒன்று. பிரித்தால் வழுவழுவென்று பாலீஷ் போட்ட கைத்தடி. பேரன் பேத்தி எடுத்த பெரிய மனிதர்கள் கல்யாண வீட்டுக்கு ஊன்றி வருவார்களே, அந்த மாதிரி. ஒடித்ததற்கு ஈடாக வாங்கி வந்தாராம்.

"சின்னப் பயலுக சார், வெளையாட்டுக்குச் செஞ்சுட்டானுக" என்றார் ரைஸ்மில்காரர். மகனைப் பார்த்து, "சார் கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுடா" என்றார். அவன் அப்பாவின் காலில் விழுந்தான். அப்பா அவனைத் தூக்கி நிறுத்தி, "நல்லாப் படிக்கிற வழியப் பாரு" என்றார். அம்மா காபி கொண்டுவந்தாள்.

அத்தை உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

"அண்ணே, அடிபட்டது நானு. ஒங்க கால்ல எதுக்கு விழுகுறான்?"

கூடத்தில் ரைஸ்மில்காரர் சிரித்து, "தங்கச்சி எப்பவும் தமாசுதான்" என்று சொல்லிக் காபியைக் குடித்து முடித்தார். அவர்கள் போன பிறகு அத்தை கைத்தடியை எடுத்துப் பார்த்தாள். "இது நல்லாருக்கு. அண்ணன் ரிட்டயராகுறப்ப ஒதவும்" என்றாள். நான் அதற்குள் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டேன். விஷயம் முடிந்துவிட்டது என்று அப்பாவைப் போலவே நானும் நினைத்தேன்.

முடியவில்லை என்பது அடுத்த வாரம் முழுக்கத் தெரிந்தது. ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு அத்தையால் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நகர முடிந்தது. புதுக் கட்டைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அப்பா தினமும் சொன்னார். அவசரம் ஒன்றும் இல்லையே, வீட்டுக்குள்ளேதானே இருக்கிறாள் என்பது அவர் கணக்கு. கடைக்காரர் போன் செய்து, பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது, அப்ளிகேஷன் போடக் கூட்டம் அள்ளும், திங்கட்கிழமையாவது வந்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அத்தை தாயக்கட்டையைத் தொடுவதை விட்டுவிட்டாள். அம்மா மட்டும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம், "அதுங்க செஞ்சதுக்கு இவங்கள ஏங்க பூட்டி வைக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்பா, "ரசத்த ஊத்து" என்றார்.

திங்கட்கிழமை காலை அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அத்தை குளித்து, கடைக்குப் போகிற சுடிதாரைப் போட்டு, தலை சீவி, என்னைக் கூப்பிட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்குறேன். என் வண்டிச் சாவியக் குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என்னை 'நீங்க' என்று சொல்கிறாளே! புது விளையாட்டு என்று நினைத்து, நானும் அப்பா மாதிரி குரலை மாற்றி, "அதெல்லாம் முடியாதுங்க. அப்பாட்ட கேட்டுட்டு வாங்க" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நினைத்திருந்தால் என் கையை முறுக்கிக் கயிற்றை அறுத்திருக்கலாம், கட்டை பிடித்துப் பழகிய கைகளுக்கு நான் எந்த மூலைக்கு? அவள் செய்யவில்லை. "சரித்தா. என் பைய எடுத்துக்க. கொடையையும் எடுத்துக்க. வா போவம்" என்றாள்.

கட்டிலிலிருந்து தரையில் இறங்கினாள். அம்மாவின் ரப்பர் செருப்பைக் கைகளில் மாட்டிக்கொண்டாள். கையை முன்னே ஊன்றி, உடம்பைத் தூக்கி நகர்த்தி, மறுபடி கையை ஊன்றி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாள். ஷெட்டில் நின்றிருந்த ஸ்கூட்டரைக் கடந்துதான் போனோம்.

எங்கள் வீட்டிலிருந்து புதுக்கோட்டை திருமயம் பஸ் போகிற மெயின் ரோடு அரைக் கிலோமீட்டர். மே மாத வெயில். நான் குடையை விரித்து, நிழல் சரியாக அத்தைமேல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டே நடந்தேன். பை கனத்தது, தோளை மாற்றவில்லை. நடுவில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அவள் கைப்பக்கம் கிடந்த கல்லையும் முள்ளையும் ஓடி ஓடிப் பொறுக்கி ஓரமாகப் போட்டேன். என்னைப் போல அத்தைக்கு உதவி செய்கிறவர் ஊரிலேயே இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கழுத்தில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. டீக்கடை மாமா ஓடிவந்து, "என்னத்தா இது கோலம்? ஒரு வார்த்த சொன்னா தூக்கிட்டுப் போயி விடமாட்டமா?" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"தூக்க வேணாம் மாமா. எங்கண்ணன்ட்டச் சொல்லிச் சாவிய வாங்கிக் குடுங்க, போதும்" என்றாள் அத்தை.

மாமா கையை இறக்கிக்கொண்டார். "அது ஒங்க வீட்டு விசயம்ல" என்றார். அதற்குப் பிறகும் நான்கைந்து பேர் தூக்குகிறோம் என்று வந்தார்கள். அத்தை எல்லோரிடமும் அதையே சொன்னாள். தூக்குவதற்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். சாவியைக் கேட்க ஒருவரும் இல்லை. நேர்ந்த கடனுக்கு உருளுகிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் இளவயசுக்காரர், இறங்கி வந்து குனிந்து, "எப்படி ஏறுவீங்க அக்கா, நான் எதப் பிடிக்கணும்?" என்று கேட்டார். "பாப்பாட்ட இருக்க பைய வாங்கிக்கங்க தம்பி. கதவ ஆடாமப் பிடிச்சுக்கங்க. ஏறிக்குவேன்" என்றாள். அப்படியே ஏறினாள். டிரைவர் அவள் உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை.

டவுனில் ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் அத்தை நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். மூன்று படி. வாசலில் நின்ற ஏட்டுக்கு அத்தையைத் தெரியும், அவள் எழுதிய மனுக்கள் எத்தனையோ அங்கே வந்திருக்கின்றன. "என்னம்மா, இன்னைக்கு யாருக்கு மனு?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றாள் அத்தை.

பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, கார்பன் பேப்பர் செருகி எழுத ஆரம்பித்தாள். கை இரண்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தன. ஆனால் எழுத்து எப்போதும் போல மணி மணியாக இருந்தது. நான் அவள் தோள்மேல் சாய்ந்து ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் பத்தியில் கண்மாய்க்கரை, பைக் நம்பர், ரைஸ்மில்காரர் மகன் பெயர், அவன் அப்பா பெயர், கதவு எண், எல்லாம் இருந்தது. இரண்டாம் பத்தி சின்னது. "மேற்படி சம்பவத்திற்குப் பின் எனது வாகனச் சாவியை என் வீட்டார் எடுத்து வைத்துக்கொண்டு, நான் வேலைக்கும் வெளியிடங்களுக்கும் செல்ல முடியாதபடி செய்துள்ளனர். அதனைப் பெற்றுத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

எஸ்.ஐ. ஒரு பெண். இரண்டு தடவை படித்தார். அத்தையின் கைகளைப் பார்த்தார். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டார்.

அப்பா ஒரு மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். எஸ்.ஐ. மனுவை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஆயிரம் மனுக்களைப் படித்தவர்தான். அந்த இரண்டாம் பத்தியில் வெகுநேரம் நின்றார்.

"நான் அவ நல்லதுக்குத்தாம்மா எடுத்து வச்சேன்" என்றார்.

"சரிங்க சார். வம்பு பண்ணுனவன் பைக் சாவி இப்ப யார்ட்ட இருக்கு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "குடுத்துரும்மா" என்றார். நான் கயிற்றைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினேன். யாரிடம் வாங்கினோமோ அவரிடம்தானே ஒப்படைக்க வேண்டும்?

"அவர்ட்ட இல்ல பாப்பா" என்றார் எஸ்.ஐ.

அத்தை வாங்கிக்கொண்டாள். கயிற்றை உருவி என் கையிலேயே கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தப் பையன்களை அன்று மாலையே கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு வழக்கானது, நடந்தது. புதுக் கட்டைகள் அத்தையின் உயரத்துக்கு அளவெடுத்து வந்தன. எல்லாம் அவள் அலைந்து நடத்தியதுதான். கடைக்காரரும் வேறு ஆள் பார்க்கவில்லை, மறுநாளே ஸ்கூட்டர் கடை வாசலில் போய் நின்றுவிட்டது.

அன்று மூன்று பேரும் பஸ்ஸில்தான் திரும்பினோம். ஏறுகிற இடத்தில் அப்பா குனிந்துவிட்டு, பாதியில் நின்று, "தூக்கவா?" என்று கேட்டார். "வேணாம்ணே, பையப் பிடிங்க" என்றாள் அத்தை. அப்பா பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னத்தா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"என் பேர ஏன் எழுதல?"

"எதுல?"

"மனுவுலதான். அப்பா சாவிய என்கிட்டதான் குடுத்தாரு. நாந்தான் பத்திரமா வச்சிருந்தேன். அந்த ரைஸ்மில் அண்ணன் பேரெல்லாம் எழுதியிருக்கீங்க, அவங்க அப்பா பேரு, கதவு நம்பர் எல்லாம் எழுதியிருக்கீங்க. என் பேரு எங்கயுமே இல்ல." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அத்தை என்னையே பார்த்தாள். முன் சீட்டில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "விடுத்தா. அதுல ஒன் பேரு எதுக்கு?" என்று சொல்லி, தோல் உரிந்த கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கொதிக்கிற ரோட்டில் அவள் கையை ஊன்றிப் போனபோது, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குடைபிடித்து வந்தது நான். அவ்வளவும் நடந்த பிறகு, பேனாவை எடுத்த அத்தை 'என் வீட்டார்' என்று எழுதி நிறுத்திக்கொண்டாள். அதற்காக நான் அவளோடு மூன்று நாள் பேசவில்லை.